தொட்டிக்குள் இரண்டு தட்டு

கேம்ப் பஸ் கேட்டில் வந்து நின்றபோது அந்தப் பழைய கேஸ் பிளாண்ட், ஊரில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலை மாதிரிதான் அம்மையப்பனுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் அந்த வளைகுடாப் பட்டணத்தின் அடுப்பெல்லாம் இங்கிருந்து போன குழாயில்தான் எரிந்ததாம். இப்போது அதை மியூசியம் ஆக்குகிறார்கள். சுவரில் அந்தக் காலத் தொழிலாளர்களின் படங்களை ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் ஒரு பித்தளை வில்லை தொங்கியது.

நடுவில் நின்ற பெரிய இரும்புத் தொட்டியின் உட்புறத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அம்மையப்பனுக்கு ஹோல் வாட்ச் டூட்டி, அதாவது தொட்டியின் வாயில் காவல். உள்ளே இறங்குகிறவன் தன் போட்டோ போட்ட டேக்கைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அதனால் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார்கள். நல்லபடி இருக்கிறேன் என்று அர்த்தம். காவல்காரர் இரண்டு தட்டு திருப்பித் தட்டுவார். நான் இருக்கிறேன், உன்னை வெளியே எடுக்காமல் போகமாட்டேன் என்று அர்த்தம்.

சலாலாவிலும் குசைஸிலும் இந்த வேலை பார்த்தே தலை நரைத்தவர் அவர். தூக்கத்தில் யாராவது கட்டிலைத் தட்டினால்கூட மாமா பதில் தட்டுவார் என்று ரூமில் கேலி செய்வான் ஜெயசீலன். அவன் அவருடைய மனைவி வீரம்மாளின் தம்பி. வாய் ஓயாதவன். உள்ளே இறங்கும்போதும் பேசுவான், ஏறும்போதும் பேசுவான். விசா எடுத்துக் கூட்டிவந்த அன்று, "அவனை உங்க கையிலதான் குடுக்குறேன்" என்று வீரம்மாள் சொன்னது அவருக்கு எந்நேரமும் காதில் கிடந்தது.

அன்று கோடைக்கால மதிய ஓய்வு. எல்லோரும் ஏசி ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். பலகை காலி. அம்மையப்பன் தொட்டியின் நிழலில் துண்டை விரித்துக் கண்ணை மூடினார். காற்றே இல்லை. எங்கிருந்தோ அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கேஸ் போய் எத்தனையோ வருஷமான தொட்டி அது.

உள்ளிருந்து இரண்டு தட்டு.

யோசிக்கும் முன்பே கை ஸ்பேனரை எடுத்துவிட்டது. இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் காலிப் பலகை அவர் கண்ணில் பட்டது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தார். யாரும் இல்லை.

எதிரே இருந்த கஃபடேரியாக்காரர் மீராசா பாய், பிளாண்ட் ஓடிய காலத்திலேயே காயல்பட்டினத்திலிருந்து வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். அந்தக் காலத்தில் டேக்குக்குப் பதில் பித்தளை வில்லையைத்தான் பலகையில் மாட்டுவார்களாம். ஒரு நாள் வில்லைகளை எடுத்துப் போனவன் எண்ணாமல் போய்விட்டானாம். மூடியைப் போட்டு முறுக்கிவிட்டார்கள். மறுநாள் திறந்தபோது உள்ளே ஒரு மனிதன் கிடந்தான்.

"தட்டிக்கிட்டேதான் கெடந்திருக்கான் தம்பி. பதில் தட்ட ஆளில்ல." குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு நீங்க தட்டிட்டீங்க. இனி அவன் சும்மா கெடப்பானா?"

அம்மையப்பன் சிரித்து வைத்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஓய்வு முடிந்து வேலையும் முடிந்தது. மாலையில் சூப்பர்வைசர் ஸ்ரீனிவாசன் வந்து, கலாஸ், எல்லாம் முடிந்தது, மூடியைப் போட்டு போல்ட் முறுக்குங்கள் என்றார். லைட் ஒன்று உள்ளேயே இருக்கிறது என்று ஜெயசீலன் டேக்கை மாட்டிவிட்டு, பேசிக்கொண்டே இறங்கினான். அம்மையப்பனுக்குத் தடுக்கத் தோன்றியது. என்ன சொல்லித் தடுப்பது?

இரண்டு தட்டு. பதில் தட்டினார்.

உடனே தொட்டியின் மறுபக்கத்திலிருந்து இன்னும் இரண்டு தட்டு. எதிரொலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அதற்கும் கை பதில் தட்டியது.

முகமூடியும் கண்ணாடியும் தூசியுமாக ஆள் ஏறி வந்தான். கையில் லைட் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். களைப்பாக இருக்கும் என்று நினைத்தார். பின்னாலிருந்து ஸ்ரீனிவாசன், யல்லா, பஸ் நிற்கிறது என்று விரட்டினார். மூடி விழுந்தது. போல்ட்டுகள் இறுகின. அம்மையப்பன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியது. அவன் இன்னும் முகமூடியைக் கழற்றவில்லை. ஏசி ஓடியும் அந்த முட்டை நாற்றம் அடித்தது.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம்?"

அவன் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தான். அம்மையப்பன் பலகையை மடியில் திருப்பினார்.

ஜெயசீலனின் டேக் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோவில் அவன் சிரித்தான்.

பக்கத்துக் கை மெல்ல விரிந்தது. உள்ளங்கையில் களிம்பேறிய ஒரு பித்தளை வில்லை.

அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தான். அம்மையப்பன் சூடான தார்ரோட்டில் செருப்பில்லாமல் ஓடினார். வாயில் வீரம்மாள் பெயர்தான் வந்தது. தொட்டியை நெருங்கும்போது உள்ளே தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு, பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

போல்ட்டுகளைக் கழற்றி, மூச்சு முட்டிக் கிடந்தவனை நாலு பேர் இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"ரெண்டு பேர் தட்டுனோம் மாமா. நீங்க மொதல்ல யாருக்குப் பதில் சொன்னீங்க?"

அவருக்குத் தெரியவில்லை. அவர் அழுதார். பிறகு பார்த்தபோது பஸ்ஸில் அந்த ஜன்னல் சீட் காலியாக இருந்ததாகவும், யாரும் இறங்கியதைத் தான் பார்க்கவில்லை என்றும் டிரைவர் சத்தியம் செய்தான்.

ஆஸ்பத்திரியில் இனி பயமில்லை என்று சொன்ன பிறகுதான் அம்மையப்பன் கேம்புக்குத் திரும்பினார். இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. ரூமில் எல்லோரும் மெஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். செருப்பில்லாத காலோடு அப்படியே கட்டிலில் சாய்ந்தார். மேல் கட்டில் ஜெயசீலனுடையது. விரிப்பு மடித்தபடி காலியாக இருந்தது.

லேசாக முட்டை நாற்றம்.

மேல் கட்டிலின் இரும்பில் இரண்டு தட்டு.

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மேலே கட்டிலின் வலை கீழ்நோக்கித் தொய்ந்தது, யாரோ பதிலுக்காகக் குனிவது மாதிரி.