வீட்டுப் பெயர்

அன்டன் எழுதி அனுப்புகிற ஆள் இல்லை. எதுவென்றாலும் கூப்பிட்டுத்தான் கதைப்பார். அதனால் தெரியாத இலக்கத்திலிருந்து கணவன் பெயரில் அந்தக் குறுஞ்செய்தி வந்தபோது றோஸ்மேரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம், இது புது இலக்கமாம், அதில் குறித்து வைத்திருந்த வாசல் பூட்டின் புது நம்பரை அனுப்பட்டாம்.

அவர்கள் குடிவந்த பனித் தீவான இல்-பிசாரில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே பனி தெருவிளக்கை மூடிப் பெய்துகொண்டிருந்தது, பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை, கீழே குசினியிலிருந்து பருப்புக்குத் தாளித்த உள்ளியின் மணம் படியேறி வந்தது, ஹீட்டர் எங்கோ ஒரு மூலையில் டிக் டிக்கென்று சூடேறியது. மேல்மாடியில் உடுப்பு மடித்துக்கொண்டு வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

இந்தச் சுத்துமாத்துக்கு அவளா மடிவாள்? பார்சல் வந்திருக்கிறது, வரிக்காசு திரும்புகிறது என்று வருபவற்றைத் திறக்காமலே அழிக்கிறவள். பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் நின்று, பழைய நம்பருக்கு எடுத்துக் கேட்காமல் ஒன்றும் அனுப்பவேண்டாம் என்று மற்றப் பெண்களுக்குச் சொன்னவளும் அவள்தான்.

அவளிடம் சொந்தமாக ஒரு சோதனையும் இருந்தது. வீட்டில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று எழுதிக் கேட்டாள். ஞானஸ்நானப் பெயர் ஊருக்கே தெரியும். அம்மா வைத்த வீட்டுப் பெயர் வாசலைத் தாண்டாது.

உடனே பதில் வந்தது. சூட்டி.

மனம் இளகிவிட்டது. நாலு இலக்கங்களையும் அனுப்பினாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பது அதன் பிறகே உறைத்தது. அன்டனின் பழைய நம்பருக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் டவுன்டவுன் உணவகத்தில் தட்டுகள் மோதும் சத்தம்.

"போன் என்ர கையிலதானே இருக்கு. நான் ஒண்டும் அனுப்பேல்லை."

நடந்ததைச் சொன்னாள்.

"சூட்டி எண்டு கூப்பிட இப்ப நானும் டனிஸ்ரனும்தானே மிச்சம்," என்றார். "கீழ போகாதையும். 911க்கு அடியும். நான் வாறன்."

டனிஸ்ரன். அவளுடைய ஒரே தம்பி. அம்மா செத்தபிறகு ஸ்பொன்சர் பண்ணி எடுத்து, பனிச் சப்பாத்தும் கையுமாக விமான நிலையத்தில் காத்து நின்றவள் அவள். கோடையில் பெயர் தெரியாத ஆட்களைக் கூட்டிவந்து நிலவறையில் வைத்திருந்தான். அவர்கள் அவளைப் பார்த்த பார்வை பிடிக்காமல் அவனையும் போகச் சொன்னாள். அன்றே கதவு நம்பரை மாற்றினாள். புது நம்பர் என்று கேட்க அவனுக்குத்தான் தெரியும். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. அதுவும் அம்மாவின் வாயிலிருந்த பெயரைக் கொண்டு. பயத்தைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

911க்கு அடித்து விலாசம் சொன்னாள். வருகிறோம் என்றார்கள்.

கீழே கதவில் பீப்.

பீப். பீப். பீப்.

பூட்டு திறந்தது. குளிர் படியேறி வந்தது. கூடவே சிகரெட் வாசம். கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

பிறகு ஒன்றுமில்லை. காலடி இல்லை. பேச்சு இல்லை. ஹீட்டர் மட்டும்.

மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. கால்மிதியில் மூன்று சோடிப் பனிச் சப்பாத்துகள். கழற்றி, ஒழுங்காக அடுக்கி. ஈரக் காலுறைத் தடங்கள் படி வளையும் இடம்வரை ஏறியிருந்தன. இறங்கவில்லை.

வளைவுக்கு அப்பாலிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

"சூட்டி."

அது தம்பியின் குரல் இல்லை. அவள் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த சப்பாத்து, நடுவில், பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.