சொல்லிக்கொண்டு கிளம்பிய வீடு

அந்த மண்டபத்து வாசலில் செருப்புகள் கிடந்தன. இளவரசுவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். அண்ணாந்து பார்த்தாலும் முடிவு தெரியாத கல் தூண்கள், ஒரு ஊரையே குடி வைக்கிற அளவுக்குப் படிக்கட்டுகள், எங்கிருந்து வருகிறதென்றே புரியாத சாம்பல் வெளிச்சம், இதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் கேமில் இருக்க வேண்டியவை. ஆனால் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு? குதிகால் தேய்ந்து, கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கழற்றிவிட்டுப் போன செருப்பு? குளிர் தேசத்தில் எங்கோ உட்கார்ந்து ஒற்றை ஆளாய் இந்தக் கட்டடத்தைச் செய்துகொண்டிருக்கும் வெள்ளைக்காரனுக்கு ரப்பர் செருப்பைப் பற்றி என்னத்தைத் தெரியும்?

இளவரசுவின் பிழைப்பு அது. சிதம்பரத்து வாடகை வீட்டின் முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, செய்து முடிக்காத கேம்களுக்குள் நடந்து நடந்து, சுவர் சுவராய் முட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது, எதன் வழியாக ஆள் வெளியே விழுவான் என்று எழுதி அனுப்ப வேண்டும். புது வீட்டுக்குள் போய் எங்கே ஒழுகுது என்று பார்ப்பதைப் போல என்று மாமனார் கலியமூர்த்திக்கு விளக்கிச் சொன்னான். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அரசாங்கப் பரீட்சை ஏதாவது எழுதக் கூடாதா மாப்ள என்று கேட்டார். இந்த கேமில் துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது, ஒரு ஈ காக்காய் கிடையாது. வெறும் கட்டடம். நடக்க வேண்டியதுதான்.

நடந்து முடித்துவிட்டுக் கடலூருக்குப் போயிருக்க வேண்டியவன் அவன். சத்யப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் திருப்பாப்புலியூரில் அம்மா வீட்டில் இருந்தாள். அவளுடைய அக்கா அமிர்தம் இதே போலத் தலைப்பிரசவத்துக்கு வந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போனவள் போனவள்தான். அதனால் சத்யப்பிரியா புருஷனிடம் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. வலி எடுக்கும்போது நீங்கள் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அதை மட்டும் கேட்டாள். அவனும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு, இன்னும் கொஞ்சம் கட்டடம் பாக்கி இருக்கிறது, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான்.

செருப்புகளைத் தாண்டி உள்ளே போனான். சுவரோரமாக பெஞ்சுகள் கிடந்தன. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அத்தனை பெரிய மண்டபத்தின் நட்டநடுவில் நீளமாக ஒரு பெட்டி, மேலே கண்ணாடி மூடி. ஹெட்போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஒரே சீராக முனகி, நடுவில் உடம்பை உலுக்கிக்கொண்டு நின்று, பெருமூச்சு விட்டாற்போல மறுபடியும் தொடங்குகிற சத்தம். எத்தனை இழவு வீடுகளில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஐஸ் பெட்டி. பிணம் கெடாமல் இருக்க வாடகைக்கு எடுத்து வருவார்களே, அந்தப் பெட்டி. கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. காலிப் பெட்டி யாருக்கோ குளிர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த வருஷப் புரட்டாசியில் கரண்ட் வந்தால்தான் அதிசயம். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது, தெருவில் ஒருத்தன் அரசாங்கத்தைத் திட்டினான். இளவரசு ஹெட்போனைக் கழற்றி, எழுந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லி லேப்டாப்பை மூடினான். அது நாக்கோடு பிறந்த பழக்கம். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தால்கூடச் சொல்லுவான். சத்யப்பிரியா ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் கேமைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாளும் அதே மண்டபத்துக்குப் போனான், அதே போலச் சொல்லிவிட்டு எழுந்தான்.

பெட்டியைப் பற்றி எழுதி அனுப்பியதற்கு வெள்ளைக்காரன் பதில் போட்டிருந்தான். அந்த மண்டபத்தில் தான் இன்னும் ஒரு சாமானும் வைக்கவில்லை, சத்தமும் வைக்கவில்லை, நீ எந்தப் பெட்டியைச் சொல்கிறாய் என்று கேட்டிருந்தான். இளவரசு திறந்து பார்த்தபோது வாசலில் செருப்புகள் அதிகமாகியிருந்தன. குழந்தைச் செருப்பு ஒன்றும் இருந்தது. உள்ளே பெஞ்சுகள் மட்டும் காலியாகவே கிடந்தன.

மத்தியானம் சத்யப்பிரியா போனில் கூப்பிட்டபோது, சிரிக்க வைக்கலாமென்று இதையெல்லாம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"என்னங்க, எழவு வீட்டுல யாராச்சும் போயிட்டு வரேன்னு சொல்லுவாங்களா?"

"அது கேம்டீ."

"எதுவா இருந்தா என்னா. சொல்லாம கெளம்பணும். சொல்லிட்டா திரும்ப வந்துதான் ஆவணும். நீங்க அதெல்லாம் மூடி வச்சிட்டு இன்னைக்கே கெளம்பி வாங்க."

போனை வைத்தான். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்தானே. எந்தச் சாவுக்குப் போனாலும் குளித்த கையோடு ஒருவரிடமும் சொல்லாமல் நழுவி வந்தவன், இங்கே போய் வாய் நிறையச் சொல்லியிருக்கிறான். சரி, கடைசியாக ஒருமுறை உள்ளே போய், வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிடுவோம், கணக்குத் தீர்ந்துவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். முன்னறையில் வாடின ரோஜா மாலையும் ஊதுவத்தியும் கலந்த வாசனை வந்தது.

மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்தான். பெட்டி முனகியது. வாசல் பக்கம் திரும்பினான். வாசல் இல்லை. செருப்புக் குவியல் மட்டும் இப்போது உட்புறமாகக் கிடந்தது. குவியலின் மேலே பழுப்புத் தோல் செருப்பு ஒரு ஜோடி. அறுந்த வாரை வெள்ளை நூலால் தைத்திருந்தது. போன வாரம் ரயிலடியில் அவனே நின்று தைத்து வாங்கிய செருப்பு. ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கு ஓடினான். படியில் செருப்பைக் காணோம்.

திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, மண்டபத்துச் சுவரைச் சுற்றி வந்தான். எத்தனை கேம்களில் எத்தனை ஓட்டை கண்டுபிடித்தவன், இந்தச் சுவரில் ஒரு மயிரிழை விரிசலைக் காணவில்லை. போன் அடித்தது. கலியமூர்த்தி. சத்யாவுக்கு வலி எடுத்துவிட்டது, ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது, உங்களைப் பார்க்காமல் ஏறமாட்டேன் என்று அழுகிறாள், உடனே வாங்க மாப்ள என்றார். இளவரசு அப்படியே லேப்டாப்பை மூடினான். மண்டபத்தை விட்டு அவன் வெளியே வரவே இல்லை என்பது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது.

வெறுங்காலோடு போனான். முட்லூர், ஆலப்பாக்கம், முதுநகர் என்று பஸ் எங்கே நின்றாலும் இன்ஜின் சத்தத்துக்கு அடியில் அந்த முனகல் கேட்டது. பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டான். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்யாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அந்தப் பெட்டி அவளுக்காக இருக்கக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருவில் நுழைந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. கலியமூர்த்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளதான் இருக்கா மாப்ள. கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

சின்ன வீடு. முன்னறை, கூடம், சமையலறை, பின்னால் கிணறு. அவ்வளவுதான். முன்னறையைத் தாண்டும்போது சத்யா முனகுவது கேட்டது. கூடத்துக்குள் போனான். அவள் அங்கே இல்லை.

"என்னங்க, வந்துட்டீங்களா?" குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது.

"வந்துட்டேன் சத்யா."

கதவைத் தள்ளினான். சமையலறை இல்லை. இன்னொரு கூடம். முன்னதைவிடப் பெரியது. அதற்கும் ஒரு கதவு. தள்ளினான். இன்னொன்று. கூரை உயரே போனது. சாம்பல் வெளிச்சம். திரும்பினான். வந்த வழி சுவராயிருந்தது.

ஓடினான். கதவு. கூடம். கதவு. சத்யா வீறிட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில். அப்புறம் பச்சைக் குழந்தை ஒன்று அழுதது. இளவரசு சுவரில் நெற்றியை வைத்து அழுதான். பிழைத்துவிட்டாள். இரண்டு உயிரும் பிழைத்துவிட்டது. அடுத்த கதவைத் திறந்து அவளைப் பார்த்துவிட வேண்டியதுதான்.

திறந்தான். கூடம். நடுவில் பெட்டி முனகியது.

ஓடினான். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும் காலடி. கதவு. அம்மா என்று கூப்பிட்டது. கதவு. அணில், ஆடு, இலை என்று உரக்கப் படித்தது.

"அப்பா எப்பம்மா வருவாரு?"

"வருவாரு. நீ தூங்கு." சத்யாவின் குரல் கம்மியிருந்தது.

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். இரண்டு கையாலும் சுவரை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா, செவுத்துக்குள்ள யாரோ தட்டறாங்க."

"எலியா இருக்கும். தூங்குடா கண்ணு."

பிறகு, அவன் கை இருந்த அதே இடத்தில், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை மெதுவாகத் திருப்பித் தட்டியது. ஒரே தடவை. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டார்கள்.