மருந்தறைச் சாவி

தாக்கர் பங்களாவுக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். என் பெயர் ஜெபராணி. ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். அமெரிக்காவில் ஒரு பழைய கல்லூரி, 1821இல் தன்னிடம் பட்டம் வாங்கிய இருபத்திரண்டு பேரின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடுகிறதாம். அவர்களில் ஒருவர் நீதிபதி, ஒருவர் செனட்டர், ஒருவர் கப்பலிலேயே செத்துப்போனவர். லெமுவேல் தாக்கர் என்கிற டாக்டர் மட்டும் நம்மூருக்கு வந்து, நாட்டு மருந்துகளைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் எழுதிப் பேர் வாங்கிவிட்டார். அவர் இருந்த வீட்டைப் பார்த்து நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி, தொகுப்பாசிரியர் மேகன் மெயில் அனுப்பியிருந்தாள். கூடவே தாக்கர் தன் நண்பருக்கு எழுதிய கடிதங்களின் நகல்களும் வந்திருந்தன.

காவல்காரர் சிங்கராயர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். கடைசி அறையை மட்டும் திறக்கவில்லை.

"அது மருந்தறை, டீச்சர். பன்னெண்டு மணிக்கு அந்தப் பக்கம் போவாதீங்க."

"ஏன், உள்ள இன்னா இருக்குது?"

"ஒண்ணுமே இல்லீங்க. அதான் பேஜாரே."

சிரித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கடிதத்தில் சிரிப்பு நின்றுபோனது.

'படவேட்டு மருத்துவச்சியை மருந்தறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கப்பல் கிளம்புமுன் அவளுக்குத் தெரிந்த எல்லா மருந்தையும் எழுதிக்கொண்டாக வேண்டும். மகளுக்குப் பிரசவ வலி, போக வேண்டும் என்று கதவைத் தட்டுகிறாள். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று பதினேழு மருந்துகள் எழுதினேன்.'

அடுத்த கடிதம்: 'மகளும் சிசுவும் இறந்ததாகச் சேதி வந்தது. கிழவி அன்றிலிருந்து சாப்பிடவில்லை. இன்று காலை அறையிலேயே இறந்துகிடந்தாள். நல்லவேளை, புத்தகம் முடிந்துவிட்டது.'

நல்லவேளையாம்! படுபாவி! படித்து என்ன பிரயோஜனம்? இருபத்திரண்டு பட்டதாரிகளுக்கும் அப்பா பேர், அம்மா பேர், பிறந்த ஊர், புதைத்த இடம் வரைக்கும் பட்டியல் இருக்கிறது. அவன் புத்தகத்தில் இருக்கிற அத்தனை மருந்தையும் சொன்னவளுக்கு ஒரு பேர்கூட எழுத அந்த ஆளுக்குக் கை வரவில்லை.

மணி பன்னிரண்டானது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் ஓய்ந்த பிறகுதான் அது கேட்டது.

கர்ர்... கர்ர்...

கல்லில் கல் உரசுகிற சத்தம். யாரோ மருந்து அரைக்கிறார்கள்.

பூட்டிய அறைக்குள்.

வசம்பும் சுக்கும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. சிங்கராயர் முற்றத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"டீச்சர், ஜல்தி வந்துடுங்க. போயிடலாம்."

"சாவியக் குடுங்க."

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவில் காதை வைத்தேன்.

"யாரும்மா உள்ள?"

அரைப்பது நின்றது.

மரக்கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக ஒரு மூச்சு கேட்டது.

"சின்னக்கண்ணு. எம் பொண்ணு வலியில துடிச்சிகினு இருக்கா. தொறக்கச் சொல்லும்மா."

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். யாருமில்லை. தரையெங்கும் தூசி, அதில் ஒரு காலடிகூட இல்லை. நடுவில் மருந்து அரைக்கும் கல்வம் ஒன்று இருந்தது. அதில் பச்சை விழுது, அப்போதுதான் அரைத்த ஈரத்தோடு.

அன்று மாலையே நாலு பக்கத்தையும் எழுதி அனுப்பினேன். முதல் வரியிலேயே சின்னக்கண்ணுவின் பேரைப் போட்டேன். மேகனிடமிருந்து பதில் வந்தது: 'இந்தப் பெயருக்கு ஆதாரம் என்ன? கடிதத்தில் இல்லையே.'

'அவளைப் பூட்டி வைத்ததற்கு ஆதாரம் இருக்கிறதே, அதையாவது போடுங்கள்' என்று எழுதினேன்.

'இது எங்கள் பட்டதாரிகளின் புத்தகம். வேலையாட்களைப் பற்றியது அல்ல.'

மூன்று மாதத்தில் புத்தகம் தபாலில் வந்தது. 'தாக்கர், ஓய்வறியா உழைப்பாளி' என்று போட்டிருந்தது. சுவரில் வீசி எறிந்தேன். மறுநாள் உச்சிவேளையில் பங்களாவுக்குப் போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான்.

மருந்தறைக் கதவு திறந்து கிடந்தது. கல்வம் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும்.

"ஒரு வாரமா சத்தமே இல்லீங்க டீச்சர்" என்றார் சிங்கராயர். "போயிட்டாங்க போல."

போய்விட்டாளா? இத்தனை அக்கிரமத்துக்கும் பதில் கிடைக்காமலா? அவள்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் மேகனிடமிருந்து மெயில்.

'நூலகத்தில் தாக்கரின் பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். மூக்குக்கண்ணாடி, பேனா, ஒரு சாவி. ஒரு வாரமாக அந்தச் சாவியில் மட்டும் பச்சையாக ஏதோ விழுது அப்பியிருக்கிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது. அறையில் கல் உரசுகிற சத்தம் கேட்கிறது. நேற்று நான் உள்ளே இருந்தபோது கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. மூன்று மணி நேரம் தட்டினேன். வெளியே ஆட்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. இதையும் அந்த அறையிலிருந்துதான் எழுதுகிறேன். இது என்னவென்று தெரியுமா?'

நான் உடனே பதில் எழுதினேன்.

'தெரியும். பெயர் சின்னக்கண்ணு. ஊர் படவேடு. பணி மருத்துவச்சி. இறந்த இடம் ஆரணி, தாக்கர் பங்களாவின் மருந்தறை. ஆதாரம் கேட்டீர்களே, இப்போது நீங்கள்தான் ஆதாரம்.'

அடுத்த நிமிடமே ஒற்றை வரியில் பதில் வந்தது.

'கதவு மறுபடியும் பூட்டிக்கொண்டது.'