புகை சொல்கிறவன்

பல் டாக்டர் காரை விட்டு இறங்கும்போதே கையுறை மாட்டிக்கொண்டுதான் இறங்கினார். "ரெண்டு நாளா தூக்கமே இல்லண்ணே," என்றார். புது பேட்டரி ஒன்றைக் கைக்குழந்தை போல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பழைய லாரி என்றால் சோறு தண்ணி மறந்துபோகும் ஆட்களின் சங்கம் அது. டாக்டர், வக்கீல், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் என்று பெரிய தலைகள்தான் எல்லாம். இன்ஜினைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். கையில் கிரீஸ் பட வேண்டுமென்றால் மட்டும் ஒருவரைத் தேடுவார்கள். அவர்தான் டைமிங். இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் பிசகுகிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் அட்டையில் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு டைமிங்கும் டாக்டரும் வந்தது டைமிங்கின் தங்கை வீட்டுக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நீள மூக்கு வைத்த பழைய லாரி ஒன்று. டைமிங்கும் தங்கையின் கணவரும் பதினோரு வருஷம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து உயிர் கொடுத்த வண்டி. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அதே வண்டி பின்னால் நகர்ந்து தங்கையின் கணவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அன்று பூட்டிய கொட்டகையை யாரும் திறக்கவில்லை. இப்போது தங்கை வண்டியை டாக்டருக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தாள்.

சமையலறை ஜன்னல் வழியாகவே சாவியை நீட்டினாள்.

"சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணே. ஒரு வார்த்தை சொல்லாம வண்டிக்குப் பின்னாடி போய் நின்ன மனுஷன். அந்த வண்டியப் பார்த்தா எனக்கு அழுகை வரல, கோவம்தான் வருது."

டைமிங் சாவியை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார் என்பது டைமிங்கே கட்டிய கதை. செத்தவனுக்குக் கவனம் போதாது என்று ஆறு வருஷமாகத் தங்கை திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டெல்லாம் தனக்கு வர வேண்டியது என்று தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கொட்டகைக் கதவு ஒரு பக்கமாகத்தான் திறந்தது. உள்ளே டீசல், எலிப்புழுக்கை, சூடேறிய தகரம், எல்லாம் கலந்த வாடை. பகல் பதினொரு மணிக்கும் பின்பக்கம் இருட்டாகவே இருந்தது. வண்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி இருக்கும். அங்கே போக ஒரு பக்கம் டயர் அடுக்குக்கு நடுவில் சந்து, இன்னொரு பக்கம் வீட்டிலிருந்து வரும் சின்னக் கதவு.

"புகை பாக்க நான் பின்னாடி நிக்கட்டுமா?" என்றார் டாக்டர் ஆசையாக.

பழைய டீசல் இன்ஜினை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். இன்னொருவர் பின்னால் நின்று சைலன்சர் குழாயைப் பார்த்துப் புகையின் நிறத்தைச் சத்தமாகச் சொல்வார். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, கருப்பு என்றால் அதிகமாகப் போகிறது, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அந்த வீட்டில் புகை சொல்கிறவர் எப்போதும் தங்கையின் கணவர்தான்.

"யாரும் பின்னாடி போக வேணாம்," என்றார் டைமிங். "நீங்க முன்னாடி, என் கண்ணு படுற இடத்துல நில்லுங்க."

பேட்டரியை மாட்டி, டீசல் ஊற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட்டர் முனகியது. இன்ஜின் இருமியது, மறுபடி இருமியது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெள்ளை."

டைமிங்கின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது. டாக்டர் முன்னால்தான் இருந்தார். வாய் மூடியிருந்தது.

"கருப்பு."

நிதானமான, கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

"ம். தெளிஞ்சிடுச்சு."

நிறுத்தும் கம்பியை இழுத்து இன்ஜினை அணைத்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "பின்னாடி யாருண்ணே? ஆளு பிரமாதமா சொல்றாரே."

இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சுவர் இருந்தது. தரையில் ஆறு வருஷத் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதில் ஒரு காலடி இல்லை.

"எதிரொலிண்ணே. தகரக் கொட்டகையில்ல," என்றார் டாக்டர். நம்பித்தான் சொன்னாரா தெரியாது. டைமிங்கும் சரி என்றார். வேறென்ன சொல்வது? பயமாக இருக்கிறது என்றால் ஏன் என்று கேட்பார். வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று மறுபடி ஏறினார்.

இந்த முறை ஸ்டார்ட்டர் பாதியில் திக்கியது. வண்டி ஒரு தரம் உடம்பை உதறியது. பிறகு இன்ஜின் பிடித்தது. அவர் கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டார்.

"புகை வரலை, மச்சான்."

அன்று கேட்ட அதே வார்த்தை. அதே இடம்.

கண் தானாக ஆயில் மீட்டருக்குப் போனது. முள் படுத்துக் கிடந்தது. வண்டியின் மூக்கு இடுக்கிலிருந்து, வரவே கூடாத இடத்திலிருந்து, கரும்புகை குபுகுபுவென்று வந்தது. எப்போதாவது இந்தக் கிழட்டு இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆகும்போது திக்கி, தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது ஆயில் ஏறாது; சைலன்சர் வழியாகக் காற்றை இழுத்து, காற்று இழுக்கிற வழியாகப் புகையை விடும். முன்னால் போகிற கியர் போட்டால் வண்டி பின்னால் பாயும்.

கியரை எடுத்தார். கம்பியை இழுத்தார். இன்ஜின் விக்கி விக்கி நின்றது.

அந்த அமைதியில் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டியோடு சின்னக் கதவு வழியாக வந்திருந்தாள். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்திருந்தால் அவளும் போயிருப்பாள்.

"அவரு குரல் கேட்டுச்சு," என்றாள். "புகை வரலைன்னாரு. அன்னிக்கும் சொன்னாரா?"

டைமிங் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"சொன்னான்," என்றார் டைமிங்.

அன்று லாரி ஊர்வலம் ஒன்பது மணிக்கு. சங்கமே வாசலில் காத்திருந்தது. மாப்பிள்ளையைப் புகை பார்க்கப் பின்னால் அனுப்பியதே அவர்தான். இன்ஜின் சத்தம் சரியில்லை என்று அவர் காதுக்கே பட்டது. இருந்தாலும் அவசரம், அதோடு நம்ம காதுக்கு மேலா என்கிற திமிர். கியரைப் போட்டார். எல்லாவற்றையும் தங்கையிடம் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. புகை வரலை என்று மாப்பிள்ளை கத்தியதும், சீட்டில் தனியாக உட்கார்ந்தபடி அவர் சிரித்துக்கொண்டே ஒரு கிண்டல் சொன்னார். "கண்ணாடிய மாத்து, மாப்ள." இன்ஜின் இரைச்சலில் அது மாப்பிள்ளைக்கே கேட்டிருக்காது.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கரண்டியை டயர் மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணு," என்றாள்.

டாக்டர் பேட்டரியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். வண்டி வேண்டாம், வீட்டில் இடமில்லை என்று மறுநாள் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு டைமிங் வர வேண்டும் என்று ஆயிற்று. தங்கை பின்னால் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவர் பின் டயருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, அது அசைகிறதா என்று நாலு தரம் உதைத்துப் பார்த்துவிட்டு ஏறுவார். இன்ஜின் எழுந்ததும் குரல் வரும். வெள்ளை. கருப்பு. தெளிஞ்சிடுச்சு. தங்கை ஏதோ பதில் சொல்வது கேட்கும். சில நாள் சிரிப்பாள். ஆறு வருஷமாகச் சிரிக்காதவள். அதற்காகவே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஓட்டக் கற்றுக்கொடு என்றாள். எது கிளட்ச், எது கியர், எந்தக் கம்பியை இழுத்தால் நிற்கும் என்று காட்டிக்கொடுத்தார். ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது ஞாயிறு அவர் வந்தபோது தங்கை ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு நீ போய்ப் புகை பாரு அண்ணே."

"அவன்தான் சொல்றானே."

"இன்னிக்கு அவரு சொல்ல மாட்டாராம்."

முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. முடியாது என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தபடி டயர் சந்து வழியாகப் பின்னால் போனார். வழக்கமான இடத்தில் நாற்காலி இல்லை. பின் டயருக்கு வைக்கும் மரக்கட்டை சுவரோரம் சாத்தி வைத்திருந்தது. சின்னக் கதவு வீட்டுப் பக்கம் தாழ் போட்டிருந்தது.

கட்டையை எடுக்கக் குனிந்தார். ஸ்டார்ட்டர் முனகியது. பாதியில் திக்கியது.

வண்டி உடம்பை உதறியது.

இன்ஜின் பிடித்தது; சத்தம் முன்னாலிருந்து வந்தது. குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. உள்ளங்கையை அதன் வாயருகே கொண்டுபோனார்.

குழாய் கையை இழுத்தது.

சந்து வழியாக நகர்ந்துவிடலாம். நாலு எட்டுதான். கால் வரவில்லை.

"புகை வரலை," என்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை. அங்கேயிருந்து, காதோரமாக, மூக்கடைத்த குரல் கேட்டது.

"சத்தமா சொல்லு, மச்சான்."

"புகை வரலை," என்று கத்தினார். "புகை வரலம்மா, கியர் போடாத."

சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தங்கையின் குரல்தான், சந்தேகமில்லை.

"கண்ணாடிய மாத்து, மாப்ள."

முதல் கியர் விழுந்தது.