எய்டிஸுக்கும் விடுமுறை

அந்த வெள்ளிக்கிழமை காலை, சிறுமி எய்டிஸின் வீட்டில் அப்பா கஞ்சி காய்ச்சினார்.

பாதிக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. மீதியில் உப்புத் தூக்கல். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு தன் நல்ல நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஊர் மண்டபத்தில் நடக்கும் பெண்கள் கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அம்மாவுக்கு அன்று விடுமுறை. அம்மாவுக்கு மட்டுமல்ல, ஐஸ்லாந்தில் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும். 1975-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் அது. யாரும் கொடுத்த விடுமுறை இல்லை; அவர்களே எடுத்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க வெளியிலும் வேலை செய்வதில்லை, வீட்டிலும் வேலை செய்வதில்லை என்று பெண்கள் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள்.

எய்டிஸின் அம்மா மீன் ஆலையில் வேலை பார்த்தார். பக்கத்தில் நின்று அதே மீனை வெட்டும் ஆணுக்கு அவரைவிடக் கூலி அதிகம். வீட்டு வேலைக்கோ கூலியே கிடையாது. அதை வேலை என்றும் யாரும் சொல்வதில்லை. "ஒரு நாள் நின்னாத்தான் தெரியும்" என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆசிரியைகள் வராததால் பள்ளிக்கூடமும் இல்லை.

எய்டிஸின் அப்பா ஸ்டெய்ன்தோர், துறைமுகத்துப் பட்டறையில் மெக்கானிக். மறுநாள் கடலுக்குப் போக வேண்டிய ஒரு படகின் எஞ்சின் அங்கே பிரித்துப் போட்டபடி கிடந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து வயது மகன் பிராகியைப் பார்த்தார். கடைசியில் எய்டிஸைப் பார்த்தார்.

"உனக்குத்தான் பத்து வயசாயிடுச்சே. தம்பிய பாத்துக்க. மதியம் அந்த மீன வேக வெச்சிடு. பாத்திரத்தையும் கழுவிடு கண்ணு" என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எய்டிஸ் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அதற்குள் பிராகி மேசைமேல் பாலைக் கொட்டினான். அதைத் துடைத்தாள். காலுறை ஒன்றைக் காணோம் என்றான். தேடிக் கொடுத்தாள். மறுபடியும் பாத்திரத்தைத் தேய்க்க வந்தவள் சட்டென்று நின்றாள்.

இப்படியே எல்லாவற்றையும் அவள் செய்து முடித்துவிட்டால், அப்பாவுக்கு என்ன தெரியப்போகிறது? சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு வழக்கம்போலத்தான் இருக்கும். அம்மாவின் வேலை நிற்கவில்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் போக, எய்டிஸும் பெண்தானே?

கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பிராகி, பூட்ஸ் மாட்டு. அப்பாகிட்ட போறோம்."

இரண்டு வீடு தள்ளி, ஸ்வாவா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை லோவா, வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

எய்டிஸுக்கு ஆச்சரியம். ஸ்வாவாவும் மீன் ஆலையில் வேலை செய்பவர்தான். அன்றைய கூட்டத்தில் ஆலைப் பெண்கள் சார்பாகப் பேச வேண்டியவரே அவர்தான். துணி காயப்போடும்போதெல்லாம் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை எய்டிஸ் கேட்டிருக்கிறாள்.

ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டாள். ஸ்வாவாவின் கணவர் கப்பலில் இருந்தார், வர இன்னும் ஒரு வாரம் ஆகும். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, நேற்றிலிருந்து ஒரே அழுகை.

"இவள வெச்சுக்கிட்டு மேடையில ஏறினா, நான் பேசறது யாருக்குக் கேக்கும்? எனக்கு லீவு எடுக்கக்கூட ஒரு ஆம்பளை வேண்டியிருக்கு பாரு" என்று சிரித்தார் ஸ்வாவா. ஆனால் கண் சிரிக்கவில்லை.

எய்டிஸ் கொஞ்சம் யோசித்தாள். லோவாவைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் நாக்கு நுனிவரை வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது.

"எங்ககூட வாங்க. பட்டறையில நாலு ஆம்பளைங்க இருக்காங்க."

"உங்கப்பாகிட்ட கேட்டியா?"

"கேக்கத்தான் போறேன்."

லோவாவை உட்கார வைத்து ஸ்வாவா தள்ளிவந்த குழந்தை வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் சுத்தியல் சத்தம் நின்றது. பட்டறை முதலாளி டோர்ஃபி, நெஞ்சுவரை தாடி வைத்த பெரிய மனிதர், எஞ்சினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஸ்டெய்ன்தோர், உன்னைத் தேடி ஊரே வருதுப்பா."

அப்பா கையில் திருப்புளியோடு வந்தார். தம்பியை அவளிடம்தானே விட்டுவிட்டு வந்தேன் என்று கேட்டார்.

"ஆமாப்பா. ஆனா நானும் பொண்ணுதானே? இன்னிக்கு எனக்கும் லீவு" என்றாள் எய்டிஸ். "அப்புறம், ஸ்வாவா கூட்டத்துல பேசணும். லோவாவ யாராவது வெச்சுக்கணும்பா."

அப்பாவின் காது மெல்லச் சிவந்தது. டோர்ஃபிதான் முதலில் சிரித்தார்.

"பொண்ணு சரியாத்தான் கேக்குது. நீ என்ன சொல்ற?"

அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார். தொட்டியடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டார். நகத்துக்குள் இருந்த கிரீஸைக்கூடத் தேய்த்தார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். லோவா அவர் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அழுகையைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

ஸ்வாவா பால் புட்டியையும் மாற்றுத் துணியையும் காட்டி, துணியில் எப்படி ஊக்கு குத்துவது என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். நான்கு ஆண்களும் புது எஞ்சின் வந்ததுபோல் சுற்றி நின்று கவனமாகக் கேட்டார்கள்.

எய்டிஸ் ஒரு மரப்பெட்டிமேல் உட்காரப் போனாள்.

"லீவுன்னு சொல்லிட்டு இங்க என்ன பண்ற? நீயும் போ" என்றார் அப்பா.

ஊர் மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஆலைப் பெண்கள், கடைப் பெண்கள், தொலைபேசி நிலையத்துப் பெண்கள், எய்டிஸின் ஆசிரியை, எல்லாரும் இருந்தார்கள். அம்மா அவளைப் பார்த்துத் திகைத்தார். தம்பி எங்கே என்று கேட்டார். பட்டறையில் என்றதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஸ்வாவா மேடையேறினார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு வரி பேசியதும், வெளியே எங்கோ கீச்சென்று ஒரு சத்தம். அவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண்கள் முன்வரிசையில் இருந்த எய்டிஸைத் தேடின.

"லோவாவா அது?"

"இல்ல, கடற்காகம்" என்றாள் எய்டிஸ்.

மண்டபமே சிரித்தது. ஸ்வாவாவும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு, மனப்பாடம் செய்த பேச்சை அவர் பேசவே இல்லை.

"ஆலையில நாள் பூரா மீன் வெட்டறேன். வீட்டுக்குப் போனா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். இன்னிக்குத்தான் என் கையில ஒண்ணுமே இல்ல. இந்தக் கைய எங்க வெச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியல" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் தன் கைகளைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவளும் தூக்கினாள். ஒரு நிமிடத்தில் மண்டபம் முழுக்கக் கைகள். எய்டிஸும் நுனிக்காலில் நின்று தூக்கினாள். அம்மா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து எய்டிஸும் அம்மாவும் ஸ்வாவாவும் பட்டறைக்குப் போனபோது, டோர்ஃபி உதட்டில் விரல் வைத்து எச்சரித்தார். அப்பா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மார்பில் லோவா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றியிருந்த துணி, தபாலில் அனுப்பக் கட்டிய பார்சல் மாதிரி இருந்தது. எஞ்சின் காலையில் கிடந்தபடியே கிடந்தது.

"டோர்ஃபி பயந்துட்டாரும்மா. துணிய மாத்தத் தெரியாம வெளிய ஓடிட்டாரு" என்றான் பிராகி. அவன் முகமெல்லாம் கிரீஸ்.

ஸ்வாவா மெதுவாகக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அப்பா எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

"காலையிலேருந்து உக்காந்துதான் இருந்தேன். ஆனா ரெண்டு எஞ்சினத் தூக்கின மாதிரி இருக்கு" என்றார்.

அப்பாவின் தோளில் ஒட்டியிருந்த பால் கறையைப் பார்த்து, அம்மா பார்வையாலேயே சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா எய்டிஸின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கும் லீவா?"

"நாளைக்கு இல்லப்பா. நாளைக்கு வீட்டு வேலையில நம்ம ரெண்டு பேரும் பாதிப் பாதி."

அப்பா சிறிது தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

"கஞ்சிக்கு எவ்வளவு உப்பு போடணும்னு மட்டும் சொல்லிக் குடு" என்றார்.