இரண்டு மூச்சு இடைவெளி

பழைய சாமான் வாங்கப் போகிற வீட்டுக்குள் நுழையும் முன் கடைக்காரர் முகத்தை மாற்றிக்கொள்வார். வண்டியை விட்டுச் சிரித்துக்கொண்டுதான் இறங்குவார். வாசலுக்குப் போவதற்குள் கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி ஆகிவிடுவார். சரக்கு உயர்ந்த சரக்கு என்று தெரிந்தால் முகம் இன்னும் வாடும். அன்றைக்கு அது வாடிய வாட்டத்தைப் பார்த்ததுமே கேபிளுக்குப் புரிந்துவிட்டது. மொட்டைமாடிச் சுவரை ஒட்டி வானத்தைக் குத்திக்கொண்டு நின்ற அந்த ஆன்டெனா கம்பம் ஒன்றே வந்த செலவுக்குக் காணும்.

கேபிள் என்பது பட்டப்பெயர். இன்டர்நெட் கம்பெனிக்காக நாள் முழுக்கக் கம்பம் ஏறி ஒயர் இழுக்கிறவன். கடைக்காரர் அவனுடைய அக்கா புருஷன். பழைய போன், சார்ஜர், ஸ்பீக்கர் என்று எதையும் வாங்குவார், எதையும் புதுசு என்று விற்பார்.

"மாமா, இங்க டவரே இல்ல. ஒரு கோடுகூட வரல," என்றான் கேபிள், போனை மேலே தூக்கிப் பிடித்தபடி.

"உன் கம்பெனி சிம்மா?"

"சிம்மு கம்பெனியோடது. போனு உங்க கடையில வாங்கினது."

"அப்ப கம்பெனி கோளாறுதான்."

உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. பூட்டிய வீட்டின் கேட்டுக்கு வெளியே, நிழலில்கூட ஒதுங்காமல், இறந்தவரின் தங்கை நின்றிருந்தாள். நடுத்தர வயது. சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு அந்தக் கேட்டைத் தாண்ட விருப்பமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும். நல்லதைப் பொறுக்கிட்டு குப்பைய என் தலையில கட்டக் கூடாது. கம்பத்தையும் இன்னிக்கே இறக்கிடணும்."

"கம்பம் துருப்பிடிச்சுக் கெடக்கும்மா. இறக்குற கூலிக்கே..."

"துரு இங்கேருந்து தெரியுதா உங்களுக்கு?"

"கண்ணால வேற பாக்கணுமா? அனுபவம்மா."

"சரி, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கடைக்காரர் இருமினார். பேரம் படிந்துவிட்டது என்பதற்கு அவர் வைக்கிற முத்திரை அந்த இருமல்தான். சாவியை வாங்கிக்கொண்டு, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்கலாமே என்று கேட்டார்: "அண்ணன் எப்படிம்மா தவறினாரு?"

"அடிச்சுக் கொன்னாங்க."

துணி காயப்போடுவதைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"திருட வந்தவனுங்க. மேல ரேடியோ ரூம்ல இருந்தாரு. சத்தம் போடாதேன்னு தாடையில சுத்தியலால அடிச்சிருக்கானுங்க. அப்புறம் காதுல. அப்படியும் மைக்கை விடல. பட்டன் மேலயே கட்டைவிரல் விறைச்சுப் போயி, விரலை ஒடிச்சுத்தான் மைக்கை எடுத்தாங்க." அவள் இருவர் இடுப்பிலும் தொங்கிய ரேடியோ கைச்செட்டுகளை மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களும் இதுல பேசுறவங்கதானே? அன்னிக்கு யாருக்குமே கேக்கலையா?"

"என்னிக்கும்மா?"

"அந்தப் புதுப் போனு வந்துச்சே, ஊரே வரிசையில நின்னுச்சே. அன்னிக்குச் சாயங்காலம்."

கடைக்காரர் கண்ணைச் சிமிட்டவில்லை. "அன்னிக்கு கடையில கூட்டம்மா. ரேடியோ பக்கமே போகல."

கேபிள் தன் செருப்பைப் பார்த்தான்.

மாமனுக்கும் மச்சினனுக்கும் பொதுவான ஒரே கிறுக்கு இந்த அமெச்சூர் ரேடியோ. முறையாக லைசென்ஸ் வாங்கி, ஆளுக்கொரு கைச்செட்டு வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் ஒரே அலைவரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். உலகத்தின் மறுகோடியோடு பேசுகிற வித்தையை வைத்துக்கொண்டு அவர்கள் பேசியது என்ன? எந்தப் போனில் பேட்டரி நிற்கும், எந்தக் கம்பெனிக்காரன் இன்டர்நெட் வேகத்தில் தண்ணீர் கலக்கிறான், காசு கொடுத்துப் படம் பார்ப்பவன் முட்டாளா கெட்டிக்காரனா. அந்தப் புதுப் போன் வந்த அன்றைக்கு, செட்டின் பேட்டரி சாகும்வரை பேசினார்கள்.

ரேடியோவில் ஒரு முறை உண்டு. பட்டனை அழுத்திப் பேசுகிறவனுக்குக் காது கிடையாது. விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர் உடனே அழுத்தக் கூடாது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்க வேண்டும். அவசரமுள்ளவன் அந்த இடைவெளியில்தான் 'பிரேக்' என்று சொல்லி உள்ளே வருவான். இவர்கள் இருவரும் இடைவெளியே விட மாட்டார்கள். ஒருவர் வாயை மூடும் முன் மற்றவர் திறந்துவிடுவார். இதற்காகவே ஒரு முரட்டுக் குரல் அடிக்கடி குறுக்கே வந்து திட்டும். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் டிராஃபிக் போலீஸ். முகம் பார்த்ததில்லை. வீடு எங்கே என்று தெரியாது. கொஞ்ச காலமாக அந்தக் குரல் வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

தங்கை திரும்பிப் பார்க்காமல் நடந்து தெருமுனையில் மறைந்தாள்.

"மாமா, வேணாம். போயிரலாம்."

"செத்தவங்க சாமானை வாங்கி வித்துத்தான் உங்க அக்காவுக்குச் சேலை எடுக்கறேன். பேசாம ஏறு."

மாடி அறையில் சூடான தூசியும், பொசுங்கிய ஒயரும், அவற்றை மறைக்க யாரோ ஊற்றிக் கழுவிய பினாயிலும் சேர்ந்து ஒரு வாடை. மேசையில் வரிசையாக செட்டுகள். எல்லாவற்றின் பிளக்கும் பிடுங்கித் தரையில் கிடந்தது. மேசை விளிம்பில் சுத்தியல் தவறி விழுந்த பள்ளங்கள். மைக் வயரின் சுருளுக்குள் கழுவ முடியாத கறுப்பு ஒட்டியிருந்தது.

கடைக்காரர் செட்டுகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கேபிள் மொட்டைமாடிக்குப் போய்க் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினான். அதன் அடிப்பகுதி இரும்புப் பட்டைகளால் கீழே இருந்த ரேடியோ அறையின் சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தது. உச்சியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தபோது இடுப்பிலிருந்த கைச்செட்டு பேசியது.

"மாப்ளே, இந்த மாடல் இப்ப செய்யறதே இல்ல. அந்தம்மாவுக்கு வெவரம் தெரியல."

"உங்களுக்குத்தான் தெரியுமே, துருப்பிடிச்ச வெவரம்."

"வியாபாரத்துல அதெல்லாம் பொய் இல்லடா, மேக்கப்பு. அது கெடக்கட்டும், நேத்து ஒருத்தன் வந்தான், மடிக்கிற போனு வேணுமாம். நான் சொன்னேன், மடிக்கிற இடத்துலதான்..."

"மடிக்கிற இடத்துலதான் உடையும், அதானே, எங்க ஆபீஸ்லகூட..."

"பிரேக்."

இருவர் பேச்சும் நின்றது.

"யாருங்க அது?" என்றார் கடைக்காரர். "ஸ்டேஷன் பேரைச் சொல்லுங்க."

ஒரு மூச்சு மட்டும் வந்தது. உடைந்த பல்லுக்கு நடுவே எச்சிலும் வேறெதுவோவும் சேர்ந்து கொழகொழவென்று இழுபடுகிற மூச்சு.

கேபிள் செட்டின் சிக்னல் கோடுகளைப் பார்த்தான். எல்லாம் நிரம்பியிருந்தன. பேசுகிறவன் தூரத்தில் இல்லை.

"மாமா, ரூமை விட்டு வெளிய வாங்க. இப்பவே."

பட்டனை விட்டான்.

மாமாவின் குரல் வந்தது. ஆனால் அது இன்றைய குரல் இல்லை.

"பேட்டரிய விடு மாப்ளே, கேமராவைப் பத்திச் சொல்லு!"

"கேமரா நல்லாத்தான் இருக்கு மாமா, இன்டர்நெட்டுதான் நாறுது!" அது அவனுடைய குரல். தொடர்ந்து அவனுடைய சிரிப்பு.

அந்தச் சாயங்காலத்துப் பேச்சு. ஒரு சொல் மாறாமல், ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அலைவரிசையை அடைத்துக்கொண்டு ஓடியது. அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, இன்றைய மாமா.

"மாப்ளே... கதவு... கதவு தெறக்க மாட்டேங்குது..."

"மாமா!" என்று பட்டனை அழுத்திக் கத்தினான். அழுத்தியிருந்த நேரமெல்லாம் அவனுக்குக் காது இல்லை. விட்டதும் மறுபடி அவனுடைய சிரிப்பே கேட்டது.

அப்போதுதான் கம்பம் அதிர்ந்தது.

சுவரிலிருந்து இரும்புப் பட்டைக்கு, பட்டையிலிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து பெல்ட்டுக்கு ஏறி அவன் இடுப்பெலும்பில் வந்து இறங்கியது ஓர் அடி.

இன்னொன்று.

சுவரில் எதையோ மோதுகிறார்கள்.

மோதுவது தலை என்று மூன்றாவது அடியில் புரிந்தது.

பெல்ட் கொக்கி பிடித்துக்கொண்டது. கத்தியை எடுத்து பெல்ட்டை அறுத்தான். உள்ளங்கைத் தோல் கம்பத்தில் உரிய உரியச் சறுக்கி இறங்கினான். மொட்டைமாடிக் கதவு மூடியிருந்தது. முட்டுக் கொடுத்த செங்கல் மாவாக நொறுங்கிக் கிடந்தது. ஸ்பேனரால் தாழ்ப்பாளை அடித்துப் பெயர்த்தான். ஒவ்வோர் அடிக்கும் உள்ளேயிருந்து ஒரு பதில் அடி விழுந்தது. படியில் விழுந்து எழுந்து ரேடியோ அறைக் கதவைத் தோளால் மோதினான். இரண்டாவது மோதலில் தோள்பட்டை விலகியது. மூன்றாவதில் கதவு விலகியது.

அறையில் மாமாவைத் தவிர யாரும் இல்லை.

இறந்தவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. இடது காது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி. எதிலும் இணைக்காத அந்தப் பழைய மைக்கை இரு கைகளாலும் பிடித்திருந்தார். அதன் வலைக்குள் ஒரு பல் பதிந்திருந்தது. கண் மட்டும் உயிரோடு கேபிளைப் பார்த்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றிலிருந்து ஓர் அடி விழுந்தது. மாமாவின் தலை திரும்பியது. எலும்பு முறியும் சத்தம், பச்சைக் குச்சியை ஒடிப்பது போல. ஜன்னல் கண்ணாடியில் ரத்தம் வாரி அடித்தது.

கேபிள் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். ஏதோ ஒன்று அவன் விலாவில் உதைத்தது. எதிர்ச் சுவரில் போய் விழுந்தான். மூச்சு நின்று வந்தது. இடுப்பில் கைச்செட்டு இன்னும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"மாமா, யாரோ பிரேக் போடுறாங்க."

அவனுடைய குரல்தான்.

"டிராஃபிக் போலீஸா இருக்கும். நீ சொல்லு."

"மறுபடி போடுறாரு மாமா. அழுவுற மாதிரி இருக்கு."

"நடிப்புடா. விட்டா ஒரு மணி நேரம் திட்டுவாரு. நீ இடம் குடுக்காம பேசு."

"சரி சரி. கேமரா என்ன ஆச்சுன்னா..."

அவர்களுக்குக் கேட்டிருந்தது. அதை மறந்துவிட்டதாகவே அவன் நம்பியிருந்தான்.

அடுத்த அடி விழுந்தது. மாமாவின் மூக்கு முகத்துக்குள் போனது. இன்னும் ஒன்று தாங்க மாட்டார். வீட்டில் அக்கா இரண்டு தட்டு வைத்துக் காத்திருப்பாள்.

கேபிள் தவழ்ந்து போனான். வழுக்குகிற விரல்களுக்கிடையில் கையை விட்டு மைக்கின் பட்டனை அழுத்தினான்.

"பிரேக் போட்டவர்..." பட்டன் வழுக்கியது. மறுபடி அழுத்தினான். "பிரேக் போட்டவர் சொல்லுங்க. நாங்க பேசல. கேக்குறோம்."

விட்டான்.

கைச்செட்டில் சிரிப்பு பாதியில் அறுந்தது.

ஒரு மூச்சு.

இரண்டு மூச்சு.

பிளக் இல்லாத செட்டின் ஸ்பீக்கர் உயிர் பெற்றது. அதில் ஒரு மனிதர் கெஞ்சினார். வீட்டு முகவரியைச் சொன்னார். சுத்தியல் விழுந்தது. உடைந்த வாயோடு மறுபடி முகவரியைச் சொன்னார். சுத்தியல் விழுந்தது. சொற்கள் போய்ச் சத்தம் மட்டும் ஆனது. சத்தம் போய்க் கொழகொழப்பு மட்டும் ஆனது. கேபிள் காதைப் பொத்தவில்லை. அவன் காதிலிருந்து ஏதோ சூடாகக் கழுத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. மாமாவின் மேல் இன்னோர் அடியும் விழவில்லை.

கடைசியில் அந்த இழுபடுகிற மூச்சு மட்டும் மிஞ்சியது. கேபிள் காத்திருந்தான். மூச்சு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மாமாவை நல்ல தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

மாமா பிழைத்தார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு காது போனது போனதுதான். முகத்தைப் பழையபடி ஆக்க முடியாது என்றார் மருத்துவர். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வார்டுக்குள் வெயில் பளீரென்று அடித்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடா அடிச்சது? சொல்லேன்டா. எதுக்குடா இப்படி ஊமை மாதிரி உக்காந்திருக்கே?"

கேபிள் வாயைத் திறந்தான். காற்று போனது, வந்தது. சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்த மருத்துவர் பழுது ஒன்றும் இல்லை, அதிர்ச்சிதான், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கேபிளுக்குக் காரணம் தெரியும். ரேடியோவில் பேசி முடித்தவர் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவரைக்கும் முறை அவருடையது; மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது. அந்த அறையில் அவன் காத்திருந்தது அந்தச் சொல்லுக்காகத்தான். அது வரவே இல்லை.

அக்கா கண்ணைத் துடைத்தாள். மடியில் கிடந்த அவளுடைய போன் காலையிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. திரை கறுப்பாகத்தான் இருந்தது.

அது மூச்சு விட்டது.

கேபிள் எழுந்தான். கையை நீட்டினான். அதற்குள் அக்கா அதை எடுத்துவிட்டாள். திரையைப் புரட்டிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். காதில் வைத்தாள்.

வேண்டாம் என்று கேபிள் முழு மூச்சோடு கத்தினான். ஆரஞ்சு உரித்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாருங்க? ரொம்ப மெல்ல கேக்குது," என்றாள் அக்கா, இன்னொரு காதை விரலால் பொத்திக்கொண்டு. "ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."