பதினெட்டு பாட்டில், ஒரே ஆள்

“அந்தச் சுடலைக்கண்ணு நாசமாப் போவணும் சார். அதுக்கு வழி சொல்லுங்க.”

புன்னைக்காயலிலிருந்து வந்த அந்தோணியம்மாள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய பேட்டரி உருக்கும் ஆலையில் வேலை பார்த்த அவள் கணவன் வில்பிரட், சிறுநீரகம் கெட்டுச் செத்து மூன்று மாதம். ‘உடம்பில் குறையில்லை’ என்று மேலாளர் சுடலைக்கண்ணு அவனுக்குக் கடைசியாகக் கொடுத்த சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

இப்போது தொழிற்சங்கம் போட்ட சண்டையில், மிச்சமுள்ள பதினெட்டு தொழிலாளிகளின் சிறுநீர் சோதனைக்குப் போயிருந்தது. பாட்டில்களைச் சேகரித்தவன் யார்? அதே சுடலைக்கண்ணு. நல்ல நியாயம்தான் போங்கள்!

துப்பறிவாளர் கிருபாநிதி சீட்டை நிதானமாகப் படித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். புள்ளியியல் படித்த உதவியாளர் இந்துமதி அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

ஆலையில் பதினெட்டு பேரும் சாளைக்குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். சிவப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக நின்ற சுடலைக்கண்ணு மூக்கைப் பொத்தினான்.

“இவனுவளுக்கு தினமும் மீனு வேணும். நான் குலசைக் கோயிலுக்கு மாலை போட்டுருக்கேன் சார், ஒரு மாசமா அந்த வாடையே ஆவாது.”

சோதனை முடிவுகள் வந்தன. சிறுநீரிலுள்ள நூறு பொருள்களின் அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஆளுக்கு ஒரு புள்ளியாக இந்துமதி படம் போட்டாள். ஒரு ஆராய்ச்சிக்காகக் கல்லூரியொன்று போன வருடம் வாங்கி உறையவைத்திருந்த வில்பிரட்டின் சிறுநீரையும் அதில் சேர்த்தாள்.

“சார்! பதினெட்டும் சிதறியில்லா விழணும்? ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கு!”

மறுநாள் எல்லோரையும் கூட்டிவைத்துக் கிருபாநிதி சொன்னார்: “பதினெட்டு பாட்டிலும் ஒரே ஆளுடையது. மீன் தின்றால் சிறுநீரில் ஏறும் ஒரு பொருள் இதில் இல்லவே இல்லை. இந்த ஆலையில் மீன் தொடாதவன் ஒருத்தன்தான்.”

சுடலைக்கண்ணு வீம்பாகச் சிரித்தான். “ஆமா, என்னோடதுதான். அதுல என்ன விஷத்தக் கண்டிய? நான் கல்லு மாதிரி இருக்கேம்லா!”

போலீஸ் அவனைக் கூட்டிப்போனதும், கிருபாநிதி அந்தோணியம்மாளிடம் படத்தைக் காட்டினார். பதினெட்டுப் புள்ளிகளும் வில்பிரட்டின் புள்ளியை ஒட்டியே இருந்தன.

“அவன் அறைக்கும் அதே புகைதானம்மா போகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த நோய் அவனுக்கும் தொடங்கிவிட்டது. சாதாரண சோதனையில் இது தெரியாது. இப்போதே வைத்தியம் பார்த்தால் பிழைத்துக்கொள்வான்.”

“அவன்ட்ட சொல்லிட்டியளா?”

“இன்னும் இல்லை. இனிமேல்தான்.”

அவள் பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

“பேர மட்டும் மாத்தி, இதையே அவனுக்குக் குடுங்க சார்.”